கழற்ற மறந்த வெள்ளி

மௌலாய் யாகூப்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் பூஷ்தா அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஃபத்தூமாவின் கணவனும் ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகனுமாகிய ஜீலாலி மிக்க பணிவுடன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் தான்ஜியரில் பூரண சுகத்தோடு இருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை சுகம்தான். நிறத்தைப் பொறுத்தவரைதான் கொஞ்சம் சிக்கல். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் 'ஹலோ' என்பேன், நீங்கள் 'நான் அப்பவே சொன்னேன்' என்பீர்கள். அதற்குப் பிறகு எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததாக நம் சம்பந்த காலத்தில் சரித்திரமே இல்லை. கடிதத்தில் அந்த ஆபத்து கிடையாது. ஆகவே வெந்நீர்க் குளத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுதுகிறேன். தொப்பி ஏன் என்பது பின்னால் வரும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீசில் என் மகள் விஸாலுக்காகப் பிடித்து வைத்திருக்கும் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவள் வருகிறாள்.

அவள் வேதியியல் படித்ததும், படித்துவிட்டு எங்கள் ஃபெஸ் வீட்டு மொட்டைமாடி அறையில் வெள்ளிக் கிரீம் கிண்ட ஆரம்பித்ததும் தங்களுக்குத் தெரியும். ஏன் ஆரம்பித்தாள் என்று தாங்கள் கேட்டதில்லை. பள்ளிக்கூடக் கடைசி வருஷத்தில் அவள் முகத்தில் பரு கிளம்பியது. பரு யாருக்குத்தான் வராது? இவளுக்கு வந்தது மாதுளையை உடைத்து வைத்த மாதிரி வந்தது. அதிலிருந்து மூக்குவரை துணியைச் சுற்றிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போனாள், கல்யாணம் காட்சி என்றால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். உங்கள் மூத்த மகள் நிக்காஹ்வுக்கு வயிற்றுவலி என்று வராமல் இருந்தாளே, அவள் வயிறு கல்லு மாதிரி நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக் கண்ணாடிகளில் எல்லாம் துண்டு தொங்கியது, நான் சவரம் செய்வதற்குக்கூடத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்ற மனசு பட்ட பாட்டை உங்களுக்கு எப்படிச் சொல்வேன் மச்சான், டாக்டர் மருந்து, தேன், களிமண், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அவளே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கிக் கிரீமில் கலந்து தடவ ஆரம்பித்தாள். இந்த ரமலானுக்கு முன்னால்தான் துணி மூக்கிலிருந்து தாடைக்கு இறங்கியது. அன்றைக்கு நான் கடைத்தெருவுக்குப் போய் யாருக்கும் காரணம் சொல்லாமல் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

முகத்துக்கு ஏன் வெள்ளி என்று நானும் கேட்டேன். "வாப்பா, அந்தக் காலத்துல பால்ல வெள்ளிக்காசு போட்டு வப்பாங்கல்ல, சீக்கிரம் கெடாம இருக்க? அதே சங்கதிதான். வெள்ளி இருக்குற இடத்துல கிருமி குடும்பம் நடத்த முடியாது. உங்க கை வெந்தப்ப ரயில்வே ஆஸ்பத்திரியில பூசுனாங்களே வெள்ளை மருந்து, அதுலயும் வெள்ளிதான்" என்றாள். என் கை ஆறியது உண்மைதான், ஆகவே எனக்கு ஆட்சேபணை இல்லை. தங்கள் தங்கைதான் வெள்ளி என்ற சொல்லைக் கேட்டதும் அலமாரிக்கு ஓடினாள். சீதனமாக வந்த தேநீர்க் கூஜா, பன்னீர்ச் செம்பு, சர்க்கரைப் பெட்டி எல்லாவற்றையும் துணியில் கட்டி, அடுத்த வீட்டு ரஹ்மாவின் மாவுப் பானைக்குள் புதைத்துவிட்டு வந்தாள்.

"உம்மா, உங்க கூஜாவை உருக்கி மூஞ்சியில பூச முடியாது, நான் கடையில வாங்குறேன்" என்று விஸால் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குக் கடை, நாளைக்கு என் சீதனம்!" என்றாள் ஃபத்தூமா. அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "அதுல வெள்ளியும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் வெண்ணெய். இவ ஊரை ஏமாத்துறா" என்றாள். தன் வெள்ளி திருட்டுப்போய்விடும் என்றும், கிரீமில் வெள்ளியே இல்லை என்றும் ஒரே நேரத்தில் எப்படி நம்ப முடிகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அது தங்கள் குடும்பத்து வழக்கம், தங்களுக்குத் தெரியாததா. தாங்களும் போன மாதம் விஸால் ஆசையாக அனுப்பிய டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னீர்கள். பிள்ளை முகம் வாடிவிட்டது. பெருநாள் படத்தில் அண்ணன் கன்னம் பளபளவென்று இருக்கிறதே என்று ஃபத்தூமா கேட்டதற்கு, அது தான்ஜியர் கடற்காற்று என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். தெற்கே ரோஜாப் பள்ளத்தாக்கில் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் தலைவி தாமு, எல்லாருக்கும் மரியாதையாக லல்லா தாமு. அவர்களுடைய பன்னீரும் சோப்பும் இல்லாத கடை நம் நாட்டில் கிடையாது. அடுப்படியில் நின்று ரோஜா காய்ச்சுகிற பெண்களுக்கு வேர்வையில் கன்னமெல்லாம் கொப்புளமாகிறது, அதற்கு ஒரு நல்ல கிரீம் வேண்டும், நன்றாக இருந்தால் எங்கள் கடைகளிலும் விற்போம் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாளே நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. "அவங்க சரின்னா நான் இங்கேயே இருந்து இதையே செய்றேன். வேண்டாம்னு சொல்லிட்டா மறுபேச்சுப் பேசாம மாமா ஆபீசுக்குப் போறேன்" என்று விஸால் எங்கள் இருவர் முன்னாலும் சொன்னாள். நான் பெரிய மனிதன் மாதிரி "சரி" என்று தலையாட்டினேன். ஆனால் மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆயுள் முழுக்க மற்றவர்களை ரயிலேற்றி அனுப்பியவன் நான், என் பிள்ளையை ஏற்றி அனுப்ப எனக்கு மனசில்லை. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டீர்கள், அது வேறு.

லல்லா தாமு காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆள் அகலமானவர், இரண்டு கைகளிலும் முழங்கை வரை வெள்ளி வளையல், முழங்கால் இரண்டும் பஸ்ஸில் மடக்கியபடியே இறுகிப்போயிருந்தன. வந்த விருந்தாளிக்கு அலுமினியக் கெட்டிலில் தேநீர் ஊற்றினால் ஏழு தலைமுறைக்கும் அவமானம் என்று ஃபத்தூமா ரஹ்மா வீட்டுக்கு ஓடி, மாவுப் பானையைக் குடைந்து, கூஜாவை மீட்டு வந்தாள். வெளியே துடைத்தாள். உள்ளே துடைக்கவில்லை. முதல் கோப்பையில் புதினாத் தேநீரோடு கோதுமை மாவும் கட்டிகட்டியாக விழுந்தது.

லல்லா தாமு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஃபெஸ்ஸுல தேத்தண்ணியைக் கஞ்சியா வச்சுத்தான் குடிப்பீங்களோ?" என்றார். நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

பிறகு விஸால் டப்பாவைத் திறந்து வைத்தாள். அந்த அம்மாள் மோந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார், வெயிலில் காட்டிப் பார்த்தார். "வெள்ளி எங்கம்மா?" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாது லல்லா. அவ்வளவு பொடி. இதோ, பரிசோதனை பண்ணுன காகிதம் இருக்கு."

"காகிதம் யார் என்ன எழுதினாலும் வாங்கிக்கும், மகளே. போன வருஷம் ஒருத்தன் தங்கக் கிரீம்னு கொண்டாந்தான். பார்த்தா மஞ்சத்தூள். அதுக்கு முந்தி ஒருத்தி முத்துக் கிரீம்னு வந்தா. முட்டை ஓட்டை அரைச்சுப் போட்டிருந்தா. ரெண்டு பேரும் காகிதம் வச்சிருந்தாங்க. நீ நல்ல பொண்ணாத்தான் தெரியுற. ஆனா இதுல வெள்ளி இருக்குன்னு நான் எப்படி நம்புறது?" என்று சொல்லிக்கொண்டே, கொப்புளம் இருந்த இரண்டு கன்னத்திலும் தாடையிலும் அதை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற தாராளத்தோடு அப்பிக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். எரியுதா, அரிக்குதான்னு பார்க்குறேன். வெள்ளி இருக்குன்னு மட்டும் நீ எனக்குக் காட்டிடு."

விஸாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லூரிக்குப் போய்த் தன் ஆசிரியையையே கூட்டிவந்து, லல்லாவின் கண் எதிரில் வெள்ளியைக் காட்டுகிறேன் என்று புறப்பட்டாள். வாசலில் நின்று, "வாப்பா, அவங்களை நல்லாப் பார்த்துக்கங்க. நான் இதோ வந்துடுறேன்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டேன் மச்சான்.

முழங்கால் வலியோடு ஃபெஸ்ஸுக்கு வந்த விருந்தாளியை மௌலாய் யாகூப் வெந்நீரில் முக்காமல் திருப்பி அனுப்பிய வீடு உண்டா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் இடுப்புப் பிடிப்புக்கு உங்களை நான் கூட்டிவரவில்லையா? பக்கத்து வீட்டு டாக்சிக்காரன் அஸ்ஸூஸைக் கூப்பிட்டேன், லல்லா தாமு முன்னால், ஃபத்தூமாவும் நானும் பின்னால், மலையிறங்கி வந்து சேர்ந்தோம். ரஹ்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். அந்த அழுகிய முட்டை வாசனை மூக்கில் ஏறியதும் லல்லா தாமுவுக்கே முகம் மலர்ந்துவிட்டது. "கந்தகம் நல்லாத்தான் இருக்கு!" என்றார். வியாபாரம் பாதி முடிந்த மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வாசலில் குளத்துக்காரி வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "வெள்ளி போட்டிருக்கிறவங்க கழட்டி வச்சுட்டுப் போங்க! கறுத்துப் போச்சுன்னு அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க!" இங்கே இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். லல்லா தாமு வளையல் அத்தனையையும் சோப்பு நுரை போட்டுக் கழற்றி மூட்டை கட்டினார். ஃபத்தூமா தோட்டைக் கழற்றினாள். நான் மோதிரத்தைக் கழற்றிக் காலுறைக்குள் போட்டு, காலுறையைச் செருப்புக்குள் திணித்து, செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். இதைவிட ஜாக்கிரதையாக ஒரு குடும்பம் அந்தக் குளத்தில் இறங்கியிருக்காது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். என் வழுக்கையின் பின்புறம், நாவிதன் கத்தியின் கைங்கரியத்தால், நாலைந்து சின்னக் கட்டி எப்போதும் இருக்கும். அழகுக்காக அல்ல, வெறும் எரிச்சலுக்காக, விஸாலின் டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தலை முழுக்கத் தடவிவருகிறேன். யாருக்கும் தெரியாது. இன்று காலையிலும் தடவியிருந்தேன்.

ஆண்கள் குளத்தில் தலையோடு ஒரு முங்கு முங்கி எழுந்து, கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இன்ஷா அல்லாஹ் எல்லாம் நல்லபடி முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த கிழவர் என்னையே உற்றுப் பார்த்தார். "நீங்க உள்ள வந்தப்ப வழுக்கையாத்தானே இருந்தீங்க?" என்றார்.

"இப்பவும் வழுக்கைதான், ஏன்?"

"முடி முளைச்சிருக்கு. சுப்ஹானல்லாஹ்! இந்தத் தண்ணியோட மகிமையே மகிமை!" என்று அவர் தன் தலையையும் உள்ளே முக்கினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு வழுக்கைகள் முங்கின. நான் தலையைத் தடவிப் பார்த்தேன். முடி இல்லை. எழுந்து போய்ச் சுவர்க் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ என் மண்டையில் அடுப்புக்கரியால் தொப்பி வரைந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, எங்களோடு குளத்தில் இறங்கியிருந்த அஸ்ஸூஸ் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தான். அவனுடைய இரண்டு அக்குளும் பானையடி மாதிரி கறுத்திருந்தது.

"என்னடா இது?"

"மாமா, கத்தாதீங்க" என்று கையை ஒடுக்கிக்கொண்டான். "விஸால் தங்கச்சி குடுத்த கிரீம். வெள்ளி தடவுனா வேர்வை நாத்தம் போகும்னுச்சு. ஆளுங்க டாக்சியில ஏறுறப்பவே கண்ணாடியை இறக்குறாங்க மாமா, நான் என்ன பண்ண? நாத்தம் போயிடுச்சு, சத்தியமா. ஆனா இது என்ன கறுப்பு?"

பெண்கள் பக்கம் இருந்து ஃபத்தூமாவின் அலறல் கேட்டது. தங்கள் தங்கையின் அலறல்களில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பால் பொங்கினால் ஒன்று, எலி என்றால் ஒன்று. இது இதுவரை கேட்காதது. நான் ஈரத்துணியோடு வெளியே ஓடி வந்தேன்.

லல்லா தாமு படியில் நின்றிருந்தார். மூக்கு இருந்தது, நெற்றி இருந்தது. மற்ற இடம் முழுக்க இரும்புச்சட்டி நிறம். கிரீமை எவ்வளவு தாராளமாக அப்பினாரோ அவ்வளவு தாராளமாகக் கறுத்திருந்தது. பக்கத்தில் ஃபத்தூமா. கிரீம் வெறும் வெண்ணெய் என்று ஊரெல்லாம் சொன்ன ஃபத்தூமா, அவள் கண்ணுக்கடியில் இரண்டு கறுப்புப் பிறை, கழுத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன், அவள் என் தலையைப் பார்த்தாள். "ஆவி பட்டிருக்கும்" என்றாள். "எனக்கும் அதேதான்" என்றேன்.

குளத்துக்காரி இடுப்பில் கைவைத்து வந்துவிட்டாள். "வெள்ளியைக் கழட்டுங்கன்னு நான் கத்துனது காதுல விழலையா?"

"எல்லாத்தையும் கழட்டிட்டோமே!" என்று லல்லா தாமு இரண்டு வெறும் கைகளையும் நீட்டிக் காட்டினார். பாவம், அழுகிற நிலைமையில் இருந்தார். "நாளை மறுநாள் எங்க சங்கத்துல பொதுக்கூட்டம், ஜீலாலி. நான் மேடையில உக்காரணும். இந்த மூஞ்சியோட போனா, ரோஜாவை விட்டுட்டு கரி வியாபாரத்துக்குப் போயிட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?" எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், கறுப்புச் சோப்பு தேய்த்தார்கள், களிமண் பூசிக் கழுவினார்கள். தோல்தான் சிவந்தது, கறுப்பு அசையவில்லை. அவர் படிக்கு மேலே, குளிக்க வருகிறவர்கள் தங்கும் வாடகை அறை ஒன்றுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் விஸால் தனியாக வந்து சேர்ந்தாள், ஆசிரியை மாலையில்தான் வர முடியும் என்றாராம். வீட்டில் யாரும் இல்லாததைப் பார்த்து, ரஹ்மாவிடம் கேட்டு, அடித்துப்பிடித்து வந்திருக்கிறாள். என் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஃபத்தூமா அறையைக் கைகாட்டி நடந்ததைச் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாப்பா, மோதிரத்தைக் கழட்டினீங்களா?"

"கழட்டினேனே, இதோ காலுறைக்குள்ள இருக்கு."

"தலையில இருந்த வெள்ளியை யாரு கழட்டுறது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கந்தகத் தண்ணீரில் வளையல் கறுக்கும் என்று தெரிந்த நாங்கள், முகத்திலும் தலையிலும் பூசியதும் அதே வெள்ளிதான் என்பதை நினைத்தே பார்க்கவில்லை. அதை யாரும் வெள்ளியாகவே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. இந்தக் கறுப்பு விஷமில்லை, மேல்தோல் உதிர உதிரத் தானாகப் போய்விடும், ஆனால் ஒரே நாளில் போகாது என்றாள். "டப்பா மேல எழுதியிருக்கணும். எனக்குத் தோணவே இல்லை. முட்டை வாசனைத் தண்ணிக்கும் வெள்ளிக்கும் ஆகாதுன்னு படிச்சவ நான். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

எழுந்து போய் அறைக்கதவைத் தட்டினாள். "லல்லா, நான் விஸால். ஒரு நிமிஷம் திறங்க."

"நீ போம்மா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "உனக்கென்ன, பளிங்கு மாதிரி நிக்கிற. ஆள் பார்க்குற மூஞ்சியோட இருக்கிறவளுக்கு, மூடிக்கிட்டு இருக்கிறவ கஷ்டம் எங்க தெரியும்?"

மச்சான், யாரிடம் போய் என்ன வார்த்தை! அவளைப் பற்றி நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விஸால் என்னைக் கையமர்த்தினாள். கீழே இறங்கி இந்தத் தேநீர்க் கடை வாசலுக்கு வந்தாள். ஊருக்கு எடுத்துப்போகக் கேன்களில் ஊற்றுநீர் விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கினாள். தாடையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து, நெற்றி, மூக்கு, கன்னம், காதுமடல் என்று ஓரிடம் விடாமல் பூசிக்கொண்டாள். கடைக்காரன், யாத்திரைக்காரர்கள், சோப்பு விற்பவர்கள், என் எதிரில் முங்கிய அந்த நாலு வழுக்கைகள், அத்தனை பேர் பார்வைக்கும் நடுவில் குனிந்து, கந்தகத் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். என் கண் முன்னாலேயே அந்த முகம் சாம்பலாகி, பிறகு கறுத்தது. ஃபத்தூமா "என் கண்ணே, வேண்டாம்டி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்குத் துண்டு போர்த்திய பிள்ளை, அந்த முகத்தை நிமிர்த்திக்கொண்டு சந்தையின் நடுவே படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"லல்லா, இப்பத் திறங்க. இப்ப எனக்கும் தெரியும்."

கதவு விரல் அகலம் திறந்தது. உள்ளே "யா அல்லாஹ்!" என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை வந்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டது, கதவு சாத்திக்கொண்டது. அதன்பின் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு தேநீர் குடித்துவிட்டேன். ஃபத்தூமா ஒட்டுக்கேட்கப் போய், குளத்துக்காரி துரத்திவிட்டதால் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

என் புத்திக்கு எட்டியவரை எல்லாம் முடிந்தது. மேடையில் உட்கார வேண்டிய அம்மாளின் முகத்தைக் கரியாக்கி அனுப்பிவிட்டு, எங்கள் கிரீமை வாங்குங்கள் என்று எந்த வாயால் கேட்பது? சொன்ன சொல் சொன்ன சொல்தான், விஸால் சனிக்கிழமை ரயிலில் தான்ஜியருக்கு வருகிறாள், நானே கூட வருகிறேன். அவள் முகம் கொஞ்சநாள் கறுப்பாக இருக்கும், ஆபீசில் யாரும் வெறித்துப் பார்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாற்காலியை ஜன்னல் ஓரமாகப் போடுங்கள், அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும். மொட்டைமாடி அறையைக் காலி செய்துவிடுகிறேன், அந்தச் சட்டிபானைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் அப்பவே சொன்னீர்கள். இதோ, நானே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு என் துஆவும் முத்தமும். அல்லாஹ் தங்கள் வியாபாரத்தில் பரக்கத்தையும், தங்கள் இடுப்புக்குச் சுகத்தையும், என் தலைக்குப் பழைய நிறத்தையும் தந்தருள்வானாக, ஆமீன்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
ஜீலாலி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்து உறையில் போடும்போதே கதவு திறந்துவிட்டது. இரண்டு கறுப்பு முகங்கள் கைகோத்துக்கொண்டு படியிறங்கி வந்தன, இரண்டும் சிரித்துக்கொண்டு. லல்லா தாமு நேரே என் மேசைக்கு வந்து தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். "ஜீலாலி, இந்தப் பொண்ணு வெள்ளியைக் காட்டுறேன்னு வாத்தியாரம்மாவைக் கூப்பிடப் போனா. நீ என் மூஞ்சியிலேயே காட்டிட்ட. வெள்ளி இல்லாம இது கறுக்குமா? அந்தத் தங்கக் கிரீம்காரனையும் முத்துக் கிரீம்காரியையும் இந்தத் தண்ணியில முக்கியிருந்தா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கொப்புளத்துல எரிச்சலும் இப்ப இல்ல. பொதுக்கூட்டத்துக்கு நான் இதே மூஞ்சியோட போறேன், மேடையேறி இதுதான் சாட்சின்னு சொல்றேன். என் பொண்ணுங்களுக்கு முதல் டப்பாக்கள் இவ கிண்டினதுதான்" என்றவர் விஸால் பக்கம் திரும்பினார். "ஆனா ரெண்டு நிபந்தனை. மூடி மேல கொட்டை எழுத்துல 'மௌலாய் யாகூப் போகாதே'ன்னு எழுதணும். அடுத்து வர்ற விருந்தாளியை உன் வாப்பா கவனிக்கக் கூடாது." இரண்டுக்கும் நானே முந்திக்கொண்டு சம்மதம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது, அதைக் கந்தக ஆவி என்று சமாளித்தேன். விஸால் துணியை இன்னும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. இப்போது சோப்புக்காரனிடம் முகம் பார்க்கும் கைக்கண்ணாடி ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

ஆகவே நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பெருநாளுக்கு நீங்கள் இங்கே வரும்போது இடுப்புப் பிடிப்புக்கு உங்களை நிச்சயம் மௌலாய் யாகூபுக்குக் கூட்டிவருவேன். டப்பாவைக் குப்பையில் போட்ட மனிதருக்குப் பயமென்ன மச்சான், தைரியமாக முகத்தை முக்குங்கள். நானும் ஃபத்தூமாவும் கரையில் நின்று பார்த்துக்கொள்கிறோம்.